‘இல்லை’ என்று சொல்லிவிட்ட பிறகு

சபையில் எழுந்து நின்று பேசத் தெம்பில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

எங்கள் மகள் பெனிட்டாவுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்தே ஆஸ்துமா. போன வருடம் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து, வாயால்தான் மூச்சு விட்டாள். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஜூனில் தேதி கொடுத்தார்கள், அன்று சளி. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் மறுபடியும் போனோம், அன்று காய்ச்சல்.

நான் இங்கே பெங்களூரில், காக்ஸ் டவுனில் டீச்சர். லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. என் கணவர் சாமுவேலுக்குப் பொம்மனஹள்ளியில் ஷிப்டு வேலை. இன்ஹேலர், பள்ளிக்கூடம், சமையல், மறுபடியும் இன்ஹேலர். ஜெபிக்க முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிப்போவேன். கர்த்தர் மேல் கோபம்கூட வரவில்லை. அதற்கும் சக்தி வேண்டுமே.

ஆகஸ்டில் மூன்றாவது தேதி. அதற்கு முந்தின வாரம் அவளுக்கு இரண்டு நாள் சளி, நெஞ்சில் விசில் சத்தம். பிறகு சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் சாமுவேல், "சளி இருந்துச்சுன்னு சொல்லிடாத. திரும்பவும் அனுப்பிடுவாங்க. இப்பதான் நல்லா இருக்காளே" என்றார். தலையாட்டினேன்.

மயக்க மருந்து டாக்டர் கன்னடக்காரர். எங்களிடம் தமிழில்தான் பேசினார். "கடைசி ஒரு மாசத்துல சளி, இருமல், வீசிங் ஏதாவது வந்துச்சாம்மா?"

"இல்ல டாக்டர்."

அவர் குறித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். கையெழுத்துப் போடச் சொல்லி நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ‘கர்த்தரே, பிள்ளையைக் காப்பாற்றும்’ என்று ஜெபிக்க நினைத்தேன். பொய்யைச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? "என்னால முடியல, ஆண்டவரே" என்று மட்டும்தான் வந்தது. குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். எப்படி என்று தெரியாது.

"டாக்டர், பொய் சொல்லிட்டேன். போன வாரம் சளி இருந்துச்சு. வீசிங்கும்."

திட்டுவார் என்று பயந்தேன். உட்காரச் சொன்னார். "மயக்கத்துல தொண்டை வழியா ட்யூப் போடுவோம்மா. ஆஸ்துமா பிள்ளைங்க மூச்சுக்குழாய் சட்டுனு இறுகிக்கும். சளி வந்து போன கையோடன்னா இன்னும் அதிகம். சொன்னீங்களே, நல்லது."

மறுபடியும் வீடு. சாமுவேல் ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரைக் காலையும் மாலையும் ஒரு நாள் விடாமல் கொடுத்தோம்.

அக்டோபரில் அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரம் என்றது நீண்டுகொண்டே போனது. சாமுவேல் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபித்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்படி ஜெபித்து நான் கேட்டதில்லை.

டாக்டர் வந்தார். "ட்யூப் எடுக்குறப்ப மூச்சு இறுகிச்சு. எதிர்பார்த்ததுதான், மருந்து ரெடியா வெச்சிருந்தோம். இப்ப நல்லா மூச்சு விடுறா. கண்ண முழிச்சதும் ஐஸ்கிரீம் கேட்டா."

சாமுவேல் சுவரில் சாய்ந்து அழுதார். சளியே இல்லாதபோது இப்படியென்றால், ஆகஸ்டில் என்ன ஆகியிருக்கும்? அதை நான் முழுதாக யோசிப்பதில்லை.

களைப்பு இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபிக்கிறோம். உங்களில் யாராவது ஓய்ந்துபோயிருந்தால், அழகான வார்த்தைகளைத் தேடாதீர்கள். இருப்பதை இருக்கிறபடியே அவரிடம் சொல்லிவிடுங்கள். சுகம் கேட்டுப் போன எனக்கு அவர் முதலில் உண்மையைத் தந்தார். பிள்ளையின் உயிர் அதற்குள்தான் இருந்தது.