வீட்ல பேசிட்டுச் சொல்றோம்

கல்யாணமாகிப் பதினைந்தாவது நாள். மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே என் மனைவி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"நீங்க என்னை ரெண்டு தடவை பொண்ணு பார்த்திருக்கீங்க. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன், அவர்கள் அடையாறில் குடியிருந்தபோது அப்பா, அம்மாவோடு போயிருக்கிறேன். கேசரியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். கிளம்பும்போது அம்மா, "வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்றிருக்கிறாள். அதோடு சரி. பிடித்திருக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ நாங்கள் சொல்லவே இல்லை.

அந்த வருடம் பதினோரு வீடு ஏறி இறங்கினோம். ஒன்றும் அமையவில்லை. பிறகு இணையத்தில் இந்த வரன் வந்தபோது அவர்கள் திருவான்மியூருக்கு மாறியிருந்தார்கள். அவளும் முடியை வெட்டிக் கண்ணாடி போட்டிருந்தாள். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த முகமும் நினைவில்லை, அந்தக் குடும்பமும் நினைவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

"அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?"

"அப்பா வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் இவரையேதான் கட்டிப்பேன்னு நின்னேன். பழி வாங்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு என் சட்டையை ஓங்கி உதறினாள்.

அதுவரை அந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். காபியில் சர்க்கரை கூடினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ரகம் நான். மறுநாள் காலை நானே காபி போட்டு அவளிடம் நீட்டி, "மன்னிச்சிடு" என்றேன்.

ஒரு வாய் குடித்தாள். "வீட்ல பேசிட்டுச் சொல்றேன்."

ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டேன். "இப்ப ஆடி. நல்ல காரியம் பேசக்கூடாது" என்றாள். ஆவணியில் கேட்டால், பெரியப்பா ஊரில் இல்லையாம், அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். புரட்டாசியில், இன்னொரு ஜோசியரைப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாம் மூன்று வருடத்துக்கு முன் அவள் அப்பா போன் செய்யும்போது என் அம்மா சொன்ன சாக்குகள். அப்போது நாங்கள் அடுத்தடுத்த வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள். சிரித்துப் பேசினாள், தி. நகர் நெரிசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு பதில் மட்டும் வரவில்லை. ஒருநாள் பொறுமையிழந்து, "ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நாளா ஆகும்?" என்று கத்தினேன். "ஆகாதுல்ல?" என்றாள்.

தேனாம்பேட்டை அலுவலகத்தில் போன் அதிர்ந்தாலே அவள்தானோ என்று பாய்ந்து எடுப்பேன். எனக்குள் பயம். பிடிக்காமலேயே என்னோடு காலம் தள்ளப்போகிறாளோ என்ற பயம். எனக்கோ அதற்குள் அவளை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. "வீட்ல பேசணும் பேசணும்னா, யார்கிட்டதான் பேசணும்?" என்று கேட்டேன்.

"எங்கப்பாகிட்ட. போன் பண்ணிப் பண்ணி ஓஞ்சுபோனது அவருதானே?"

அப்போதுதான் உறைத்தது. அந்த மழையிலேயே வண்டியை எடுத்தேன். அவளும் ஏறிக்கொண்டாள்.

திருவான்மியூரில் மாமனார் டிவியை நிறுத்திவிட்டு எழுந்தார். சொட்டச் சொட்ட நின்றபடியே சொன்னேன். "மாமா, அன்னைக்குப் பதில் சொல்லியிருக்கணும். அம்மாவைச் சொல்லி என்ன? நானும் கண்டுக்காம விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் உட்காரச் சொல்லவில்லை.

"நாலு மாசம், மாப்பிள்ளை. பாத்ரூம் போனாக்கூட போனைக் கையில எடுத்துட்டுப் போவேன். பிடிக்கலைன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

தலையைக் குனிந்துகொண்டேன். சமையலறை வாசலில் மாமியார் வந்து நின்றார்.

மாமனார் மகள் பக்கம் திரும்பினார். என்னை வைத்துக்கொண்டே, "நீ என்னம்மா சொல்ற? உனக்கு இவரைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவசரமே படவில்லை. தாலி கட்டி நாலு மாதமான பெண்டாட்டியின் முன்னால் ஈரச் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றேன். பிடிக்கவில்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டேன்.

"பிடிச்சிருக்குப்பா."

"எங்களுக்குச் சம்மதம் மாப்பிள்ளை. உக்காருங்க," என்றார் மாமனார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, அப்பாடா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். மாமியார்தான் முதலில் சிரித்தார்.