சர்வரும் என் தங்கையின் குரலும்

என் தங்கையின் கணவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் ‘சர்வர்’ என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரை வைத்தவன் நான். மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. பகலெல்லாம் அட்டைப்பெட்டி அடுக்குவார், வீட்டுக்கு வந்தால் சினிமாப் படங்களை அடுக்குவார். படுக்கையறை அலமாரியில் தங்கையின் துணிகள் இருந்த தட்டைக் காலி செய்துவிட்டு, எந்நேரமும் இரைகிற ஒரு கறுப்புக் கணினிப் பெட்டியை அங்கே குடியேற்றினார். துணிகள் கட்டிலுக்கு அடியில் போயின.

“இதான் சர்வர், மச்சான்” என்றார் பெருமையாக.

“அப்ப ரெண்டு காப்பி சொல்லுங்க” என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. நகைச்சுவைப் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறவருக்குச் சிரிப்பு எதற்கு?

பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான படங்கள். ஒன்றையாவது முழுசாகப் பார்த்தாரா என்றால், இல்லை. நாய் பெற்ற தெங்கம்பழம். நாங்கள் போய் உட்கார்ந்தால் ஒரு படத்தைப் போடுவார். “அந்த மழையைப் பாருங்க மச்சான், ஒவ்வொரு துளியும் தனியாத் தெரியுது” என்பார். கதாநாயகி வாயைத் திறப்பதற்குள் நிறுத்திவிட்டு, அதே படத்தை இன்னும் தெளிவாக வைத்திருப்பதாகச் சொல்லித் தேடப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்போம்.

இதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். வீட்டில் இருந்த எல்லாப் போன்களையும் வாங்கி, அதில் கிடந்த குடும்ப வீடியோக்களைப் பெட்டிக்கு ஏற்றிவிட்டு, போன்களில் ஒன்றும் மிச்சமில்லாமல் அழித்துக் கொடுத்தார். பெட்டியில் அவற்றுக்கு அவர் கொடுத்த இடத்தின் பெயர் ‘இதர’. பெற்ற மகள் தத்தித் தத்தி நடந்தது அவருக்கு இதர!

போன வருஷம் தங்கைக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் அவள் பேசுவதைக் கொஞ்சம் பதிவு செய்துகொள்ளலாமே என்று நான் கேட்டேன். அவள் பயந்து போயிருந்தாள், இவர் முந்திக்கொண்டார்.

“அவளை ஏன் தொந்தரவு பண்றீங்க? இருபது வருஷத்துக் குரல் எங்கிட்ட இருக்கு. அதுவும் ரெண்டு காப்பி.”

நம்பினேன். உயிர் தங்கியது, பேச்சு போயிற்று. தெருமுனையில் நின்றாலே கேட்கும் குரல் அவளுடையது. இப்போது உதடு அசைகிறது, அவ்வளவுதான். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண், “பழைய பதிவு இருந்தா கொண்டு வாங்க. அவங்க எழுதறதை அவங்க குரல்லயே பேசற கருவி ஒண்ணு தயார் பண்ணலாம்” என்றாள். என் தங்கை மகள் அன்று முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். சர்வர் முதலில் திரையின் வெளிச்சத்தைச் சரி செய்தார். பிறகு ஒரு வீடியோவைப் போட்டார். சமையலறை வாசலில் என் தங்கை, கையில் கரண்டி. யாரையோ திட்டிக்கொண்டே சிரிக்கிறாள். சத்தம் இல்லை.

ஒயரைக் கழற்றி மாட்டினார். ஒரு சினிமாவைப் போட்டார், குண்டு வெடித்து ஜன்னல் அதிர்ந்தது. மறுபடி வீட்டு வீடியோ. ஊமைப்படம். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

இடம் மிச்சம் பிடிக்க ஒரு ஏற்பாடு செய்திருந்தாராம். ஒரே படத்தில் நாலைந்து மொழிகளில் ஒலி இருக்கும். தமிழ் என்று குறித்திருந்தால் வைத்துக்கொள், மற்றதை வெட்டி எறி என்று கணினிக்கு உத்தரவு. வீட்டு வீடியோவின் ஒலியில் எந்த மொழியும் குறித்திருக்காது. சீட்டு ஒட்டாத சரக்கு கழிவு என்பது கிடங்கு வழக்கம். பெண்டாட்டி பேச்சுக்கும் அதே சட்டம்.

“ரெண்டாவது காப்பிப்பா?” என்றாள் மகள்.

“அது தினமும் இதைப் பாத்துத் தன்னையே சரி பண்ணிக்கும்மா. இதுல போனது அதுலயும் போயிருக்கும்.”

அடிக்கக் கை வந்தது. தங்கை இருக்கிறாளே என்று அடக்கிக்கொண்டேன்.

மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இதுல அம்மா என்ன சொல்றாங்க? நீங்கதானே எதிர்ல நின்னு எடுத்தீங்க?”

“ஞாபகம் இல்லையேம்மா. படம் ஆடாம வரணும்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். “உனக்கு ஞாபகம் இருக்காம்மா?”

என் தங்கை தலையாட்டினாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மகளைப் பார்த்து, கையை ஆட்டி, அன்று சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னாள். திரையில் அவள் உதடுகள் அசைந்தன. இங்கேயும் அசைந்தன.

சர்வர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.