அத்தை கட்டிய காப்பு

இன்றைக்குச் செஞ்சி கடைத்தெருவில் என் பெயரைச் சொன்னால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். லாரியும் எண்ணெய் மில்லும் நானே சம்பாதித்தவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம், என் முதுகைக் கேளுங்கள் என்பேன். அது பாதிதான் உண்மை. மீதிக்கு என் மணிக்கட்டைக் கேட்க வேண்டும்.

அறுபதுகளில், மீசை அரும்பாத வயதில், மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கப் போனேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். நைனா பார வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவார். என்னை வளர்த்தது அவருடைய அக்கா, என் அத்தை. அவளும் அதே மண்டியில்தான் கடலை புடைத்தாள்.

மண்டியில் ஒரு சட்டம் இருந்தது. பீடி குடிக்கிறவன் மட்டும் வேலைக்கு நடுவில் உட்காரலாம். சும்மா உட்கார்ந்தால் சோம்பேறி. "வாயில பீடி இருந்தா குந்து, இல்லாட்டி மூட்டையத் தூக்கு" என்பார் மேஸ்திரி. என்னைவிடக் கொஞ்சம் பெரியவனான கூட்டாளி ஒருவன் இரக்கப்பட்டு எனக்கும் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தான். புகை கசந்தது. உட்கார்ந்தது இனித்தது.

கொஞ்ச நாளில் பீடி இல்லாவிட்டால் கை பரபரத்தது. பெரிய ஆட்கள் சாயங்காலமானால் மலையடிவாரத்துக்குப் போவார்கள். மதுவிலக்குக் காலம், அங்கே திருட்டுச் சாராயம் காய்ச்சினார்கள். "அமாவாச கழியட்டும், உன்னையும் இட்டுகினு போறோம்டா" என்று ஆசை காட்டினார்கள். நானும் பெரிய மனுஷனாகிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

என் சட்டை நாற்றம் அத்தையிடம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அடிப்பாள் என்று ஒதுங்கி நின்றேன். "ஏன்டா குடிக்கற?" என்று மட்டும் கேட்டாள்.

"குந்தணும்னா குடிக்கணும் அத்தே."

மறுநாள் காலை மஞ்சள் கயிறு ஒன்றை என் மணிக்கட்டில் கட்டினாள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டுதலாம். காப்புக் கட்டியவன் பீடி, சாராயம் எதையும் தொடக்கூடாது. பீடி நேரம் வந்ததும் சொம்பு மோரோடு வந்து, எல்லார் முன்னாலும் என்னை உட்காரவைத்தாள்.

மேஸ்திரி முறைத்தார். "இன்னாம்மா இது, பீடி இல்லாம குந்திகினு இருக்கறான்?"

"காப்புக் கட்டின புள்ள மேஸ்திரி. இந்நேரம் குந்தி மோர் குடிக்கணும்னு வேண்டுதல். எழுப்பறதா இருந்தா நீங்களே எழுப்புங்க. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். ஆட்கள் "பால்குடி மறக்காத புள்ளடா" என்று கேலி செய்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

ஒவ்வொரு அமாவாசைக்கும் காப்பை அவிழ்க்கச் சொல்லி நச்சரிப்பேன். "கோயில்ல கூட்டம்டா, அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்" என்பாள். பழைய கயிறு நைந்தால் புதுக்கயிறு ஏறும். என் கல்யாணத்துக்கு முன்னால்தான் அவிழ்த்தாள். என்ன வேண்டுதல் என்று அப்போதுதான் கேட்டேன். "வேண்டுதலா? குந்தணும்னு நீதானடா கேட்ட" என்றாள். என் மில் வாசலில் இன்றும் மோர்ப்பானை இருக்கிறது. எவன் வேண்டுமானாலும் உட்காரலாம். அது அத்தைக்கு நான் போடும் கும்பிடு.

ஆனால் காப்புக் கட்டிய புதிதில் நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. எனக்குப் பீடி கொடுத்த அந்தக் கூட்டாளி மோர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தே, எனக்கும் ஒண்ணு கட்டேன்" என்றான். அத்தை அவனுக்கும் கட்டினாள். மறுநாள் வெறுங்கையோடு வந்தான்.

"எங்க நைனா அறுத்துட்டாரு. காப்போட சாராயம் தொடக்கூடாதாமே. அப்பறம் அவருக்கு எவன் போயி வாங்கியாறது?"

மண்டியே சிரித்தது. நானும்தான். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு குந்தினான். அத்தை மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. காப்பில்லாத அவன் கையைப் பார்த்து, கொடுத்துவைத்தவன் என்று பொறாமைப்பட்டேன்.