மாடியில் நின்ற ஒன்பது கம்பிகள்

முத்தையன் இராஜாங்கம் (1952–2024), தஞ்சாவூர் கரந்தையில் வாழ்ந்த கொத்தனார். நாற்பத்தாறு ஆண்டுகள் சுவர் எழுப்பியவர். இறுதிவரை அவரை உறுத்தியது, அவரே நட்ட சில கம்பிகள்.

2023 மே மாதம், வடவாற்றங்கரையில் தம் தந்தை விட்டுச் சென்ற வீட்டின்மேல் இரண்டு மாடிகள் கட்டி நான்கு குடும்பங்களுக்கு வாடகைக்கு விடச் சூர்யபிரகாஷ் முடிவு செய்தார். வீடு கிடைக்காமல் மக்கள் அலையும் நகரில், இருக்கும் கட்டடத்தின்மேல் மாடி எழுப்புவது தவறன்று. கீழே என்ன இருக்கிறது என்று பாராமல் எழுப்புவதுதான் தவறு. தரைத்தளத்தில் தையல் தைத்துவந்த நூர்ஜஹானும் அவருடைய இரு மகள்களும் குடியிருந்தனர். சூர்யபிரகாஷ் அவர்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. "வேலை மேலதான நடக்குது, நீங்க பாட்டுக்கு இருங்க" என்று சொல்லிவிட்டார்.

செய்தி எட்டிய அன்றே இராஜாங்கம் அங்கே போனார். மொட்டைமாடியில் செங்கல் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"தம்பி, இது செவுரு தாங்குற வீடு. உள்ள தூணே கெடையாது. அஸ்திவாரம் ரெண்டரை அடி, அதுவும் களிமண்ணுல. கோடையில வெடிக்கும், ஆத்துல தண்ணி வந்தா ஊறும்."

"தூண் இல்லாமலா ஒன்பது எடத்துல கம்பி நிக்குது? எஞ்சினியரே பாத்துட்டாரு, இதோ நிக்கிறாரு. வெயில்ல நிக்காதீங்க கொத்தனாரே, வீட்டுக்குப் போங்க."

"அந்தக் கம்பிய நட்டதே நான்தான் தம்பி."

நட்டது 1996இல். மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், மேலும் கட்ட வசதியுள்ள குடும்பம் என்று ஊர் மதிக்கும். சூர்யபிரகாஷின் தந்தை குஞ்சிதபாதம், "மொட்டையா நின்னா பொண்ணு குடுக்க வர்றவன் யோசிப்பான். சும்மா கம்பிய நட்டு வையி, இராஜாங்கம்" என்றார். இராஜாங்கமும் கூரைத்தளத்தில் அரை அடி ஆழத்தில் பதித்துவைத்தார். அந்த வெற்று அலங்காரத்தைத்தான் படித்த பொறியாளர் தூண் என்று வரைபடத்தில் போட்டார்; அலுவலகமும் முத்திரை குத்தியது. கம்பியின் அடியைத் தோண்டிப் பார்க்க எவருக்கும் மனம் வரவில்லை.

இராஜாங்கம் பேச்சை விட்டுவிட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். சூர்யபிரகாஷ் தடுத்தும் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் ஒரு கம்பி அப்படியே கையோடு பெயர்ந்து வந்தது. அதன் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. அதை அங்கிருந்த பொறியாளரின் கையில் கொடுத்தார்.

படியேறி வந்த நூர்ஜஹான் அதைப் பார்த்தார். "இத நம்பியா எங்களக் கீழ இருக்கச் சொன்னீங்க?"

சூர்யபிரகாஷ் கொத்தனாரிடம் பாய்ந்தார். "இத்தன வருஷம் ஏன் வாயத் தொறக்கல?"

"இந்தப் பொய் மேலயும் ஒரு நாளு செங்கல் ஏத்துவாங்கன்னு தோணல. தப்பு என்னோடதுதான். அதுக்காக அந்தம்மாவும் புள்ளைங்களும் சாகணுமா?"

மறுநாளே செங்கல் கீழே இறங்கியது. பொறியாளர் ஒரு சொல்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் இராஜாங்கத்தால் அத்துடன் விட முடியவில்லை. அதே விதமாகக் கம்பி நட்டுக்கொடுத்த வீடுகள் இன்னும் ஆறு இருந்தன. ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னார். இருவர் வைதனர், ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். திருக்காட்டுப்பள்ளியில் இருந்த ஒரு வீட்டுக்காரர், "இருக்கட்டுமே, வீட்டுக்கு ஒரு கம்பீரம்" என்று சிரித்தார். மூன்று முறை போய் மன்றாடி அவரை இணங்க வைத்தார்.

ஆறில் கடைசியாக மிஞ்சிய அந்த வீட்டுக் கம்பிகளை இராஜாங்கம் தம் கையாலேயே அறுத்தெடுத்த நாள் 2024 பிப்ரவரி 9.