கழற்றி வைத்த அலாரம்

மோட்டாரோ மின்விசிறியோ, எது கெட்டாலும் ரிப்பேருக்கு வெளியாள் வாசலை மிதிக்கக்கூடாது. அது அந்த வீட்டுக்காரரின் வீம்பு. முப்பது வருஷம் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவே அவரை ஃபிட்டர் என்றுதான் கூப்பிட்டது. தன் கை படாமல் தன் வீட்டில் ஓர் ஆணி இறங்கினாலும் முகம் சுருங்கிவிடும்.

மாடியில் குடியிருந்தவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் என்று அவள் சொன்னால் அரைத்தூக்கத்தில் இருப்பவர்கூட எழுந்து பெட்டியைத் தூக்குவார். "நம்ம மாடி வீட்டுப் பொண்ணு குரல்தான்" என்று பக்கத்தில் நிற்பவரிடமெல்லாம் அளப்பார் ஃபிட்டர்.

மாடிக் கூரையில் இருந்த புகை அலாரம் ஒருநாள் நிமிஷத்துக்கு ஒருமுறை கீச்சிட ஆரம்பித்தது. பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான். அதிகாலை வேலைக்குப் போய்வந்து மதியம் தூங்குபவள், "கண்ணை மூட முடியல சார்" என்றாள். ஃபிட்டர் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். கீழே கொண்டுபோய் மேஜை டிராயரில் வைத்தார். 'மாடி' என்று சீட்டு வேறு ஒட்டினார். அந்த ஒழுங்குக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

"பேட்டரி வாங்கிட்டீங்களா சார்?"

"நாளைக்கு மாட்டிடறேம்மா."

அடுத்த வாரம் வாஷிங் மெஷினில் கருகல் வாடை வருகிறது, ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். "அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஒயரில் டேப்பைச் சுற்றினார். இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று சொல்லி இறங்கினார்.

நான்கே நாள்தான் ஓடியது. துணியைப் போட்டுவிட்டு அவள் கண்ணயர்ந்த மதியம், ஜன்னலில் புகையைப் பார்த்துத் தெருவில் போனவர்கள்தான் கத்தினார்கள். ஃபிட்டர் கதவை உடைத்து அவளைத் தூக்கிவந்தார். எல்லாரும் அவரை மெச்சினார்கள். அவர் கீழே போய் மேஜை டிராயரைத் திறந்து 'மாடி' என்ற சீட்டைப் பார்த்தார். அவள் உயிர் பிழைத்தாள். புகை குடித்த தொண்டை மட்டும் தேறவில்லை என்று டாக்டர் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துச் சாமான்களை எடுக்க அண்ணனோடு வந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது ஃபிட்டருக்கு. அவள் திட்டவில்லை.

"மன்னிச்சுடும்மா. மறந்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். எல்லாம் எனக்குத் தெரியும்ங்கிற திமிரு."

அவள் கூரையைப் பார்த்தாள். கடை ஆள் வந்து மாட்டிய புது அலாரம் அங்கே இருந்தது. காற்று மட்டும் வரும் குரலில், "வேலை செய்யுதா சார்?" என்றாள். அவர் ஸ்டூலில் ஏறிப் பொத்தானை அழுத்தினார். வீடே அதிர அது அலறியது. அவள் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

பேருந்து நிலையத்தில் இப்போது வேறொருத்தி அறிவிக்கிறாள். அரைமணிக்கு ஒருமுறை மட்டும், மாடி வீட்டுப் பெண் எப்போதோ பதிவு செய்து கொடுத்தது இன்னும் ஒலிக்கிறது: "பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்." அதே கணீர்க் குரல். பக்கத்தில் நிற்பவரிடம் ஃபிட்டர் ஒன்றும் சொல்வதில்லை.