தனிக் குண்டான்

என் மருமகள் எனக்கு மருந்து வைக்கவில்லை. வைத்தாள் என்று ஊர் நம்பியது. நம்பட்டும் என்று நான் விட்டேன்.

அவள் வைக்கவில்லை என்பது அன்றே எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்... வேறு எவருக்கும் தெரியாது!

இதுதான் என் குற்றம். இனி சொல்லப்போவதெல்லாம் இதற்குள் அடக்கம்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். உத்திரமேரூர் பக்கம் ஏரித் தண்ணீரில் நெல் வைப்பவன். அதிகம் பேசமாட்டேன். அதை நல்ல குணம் என்று ஊரில் சொல்வார்கள். நீங்கள் நம்பாதீர்கள். நான் செய்த பாவம் முழுவதையும் பேசாமல் இருந்துதான் செய்தேன்.

மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவரை மயக்கவோ முடக்கவோ சோற்றில் கலந்து வைப்பதை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். அது செரிக்காதாம். குடலில் ஒட்டிக்கொண்டு முடி முளைத்துக் கிடக்குமாம். ஒருவன் நாள்பட வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தால், யார் கையால் சாப்பிடுகிறான் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

எனக்கு வயிறு பல வருஷமாகக் கெட்டிருந்தது. தின்றதும் உப்பிக்கொள்ளும். உடனே ஓட வேண்டும். நடவு நாளில் ஆட்களை வயலில் நிறுத்திவிட்டு வரப்பு வரப்பாக ஓடியிருக்கிறேன். பஸ் ஏறப் பயம். கல்யாணத்துக்குப் போகப் பயம். மனைவி இருந்தவரை வெந்தயமும் மோரும் கொடுத்துப் பார்த்தாள். அவள் போன பிறகு அதுவும் இல்லை.

மகன் குமார் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அங்கே உடன் வேலை செய்த எஸ்தரைக் கட்டிக்கொண்டு வந்தான். சாலவாக்கம் பக்கத்துப் பெண். எங்கள் ஆட்கள் இல்லை. எங்களைப் போன்றவர்களின் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தங்கை கன்னியம்மா அப்போதே சொன்னாள்.

"பையன் சும்மா போய் வுழுவலணா. இன்னாத்தையோ குடுத்து மயக்கிக் கீறா."

அன்றைக்கும் நான் பேசவில்லை.

அந்த எஸ்தர்தான் என்னைக் காஞ்சிபுரத்துக்கு டாக்டரிடம் அழைத்துப் போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை. குடலுக்குச் சில பொருள்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். பால், கோதுமை, மைதா, பருப்பு, வெங்காயம், பூண்டு... கொஞ்ச காலத்துக்கு எதுவும் கூடாதாம். எனக்கு மிளகாயும் புளியும்கூட வேண்டாமாம். வயிறு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம்.

"அப்புறம் இன்னாதான் சார் துன்றது?" என்றேன்.

டாக்டர் சிரித்தார். எஸ்தர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொண்டாள்.

வரும் வழியிலேயே ஒரு சின்னக் குண்டான் வாங்கினாள். எனக்கு மட்டும் அதில் ஆக்கினாள். குழைந்த சோறு, சுரைக்காய், கேரட். சில நாள் முட்டை. ஏரி மீன் கிடைத்தால் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தது. கரண்டியும் தனி. குழம்புக் கரண்டி அதில் படவே கூடாது. விடியலில் எழுந்து செய்து மூடி வைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள்.

நான் முகம் சுளித்தால் விடமாட்டாள்.

"இன்னா மாமா, சொரக்காயப் பாத்தா சொந்தக்காரன் செத்த மாரி மூஞ்ச வெச்சிக்கினு கீறீங்க? எங்க கேன்டீன் சாம்பார ஒரு நாளு துன்னு பாருங்க. அப்புறம் இத்த கண்ணுல ஒத்திக்குவீங்க."

வயிறு அடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அடங்கியது! வரப்பு ஓட்டம் நின்றது. பயமில்லாமல் பஸ் ஏறிச் செங்கல்பட்டு வரை போய்வந்தேன்.

வயிறு அடங்க அடங்க, மனம் கிளம்பியது.

எனக்கு மட்டும் ஏன் தனிக் குண்டான்? அவள் ஏன் அதிலிருந்து ஒரு பருக்கையும் வாயில் வைப்பதில்லை? மகனுக்கு ஏன் அதைக் கொடுப்பதில்லை? வேலை முடிந்து வந்ததும் முதலில் ஏன் அந்தக் குண்டானைத் திறந்து பார்க்கிறாள்? முழுவதும் சாப்பிட்டேனா என்று ஏன் கேட்கிறாள்?

பதில் எல்லாம் டாக்டர் சொன்னதில் இருந்தது. தெரியும். தெரிந்தும் கேள்வி நிற்கவில்லை.

கன்னியம்மா வேறு வந்து குந்திக்கொள்வாள்.

"வூட்டுக்கு ஒரு சோறு, உனுக்கு ஒரு சோறா? இத்த எங்கனா கேட்டுக் கீறியாணா?"

"டாக்டரு சொன்னாரு."

"டாக்டரா வந்து ஆக்கிப் போடறாரு? ஆக்கறது அவதானே!"

இதற்கு நடுவில் என் நாக்கு. அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காரம் இல்லாத சோறு எத்தனை நாள் இறங்கும்? ஒரு மாலை டீக்கடையில் பால் டீ குடித்தேன். மறுநாள் வெங்காய பஜ்ஜி. பிறகு தினமும். வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். குண்டானில் இருந்ததையும் சாப்பிட்டுக் காலி செய்து வைப்பேன்.

வயிறு பழையபடி கெட்டது. முன்னைவிட மோசமாகக் கெட்டது.

எஸ்தருக்கு ஒன்றும் புரியவில்லை. அரிசியை மாற்றினாள். கேரட்டை நிறுத்தினாள். குண்டானைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"நான்தான் இன்னாமோ தப்பு பண்றேனா மாமா? நல்லாத்தானே இருந்துச்சி..."

"தெரியில," என்றேன்.

பஜ்ஜி என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். மாமனார் மருமகளிடம் திருட்டுத் தீனியை ஒப்புக்கொள்வதா? வெட்கம்! அந்த வெட்கத்தின் விலையை அவள் கட்டினாள்.

கன்னியம்மா முடிவு செய்துவிட்டாள். வந்தவாசி போகும் வழியில் ஒரு ஊரில் மருந்து எடுக்கிறவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனிடமும் எஸ்தரிடமும் சொல்லாமல் என்னை அழைத்துப் போனாள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது அங்கே கட்டளை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவள் எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் வாங்கப் போனாள். எதிரே ஓட்டல். காலை நாஷ்டா நேரம். பூரி எண்ணெயில் உப்பிக்கொண்டிருந்தது. அவள் திரும்புவதற்குள் உள்ளே போய், பூரியைக் கிழங்கில் தோய்த்துத் தோய்த்து மெல்லாமல் விழுங்கிவிட்டு வந்து நின்றேன். இப்படிப்பட்ட ஆள் நான்... பார்த்துக்கொள்ளுங்கள்!

மருந்து எடுக்கிறவர் ஏதோ பச்சிலைச் சாறு கொடுத்தார். கசப்பு. குடித்த சற்று நேரத்தில் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி. அவர் குச்சியால் கிளறினார். பச்சைக் கறுப்பாக ஓர் உருண்டையைத் தூக்கித் தண்ணீர்த் தட்டில் போட்டார். அதில் மயிர்போல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்துக்கம்மா. முடி மொளச்சிப் போச்சி. வூட்டுப் பொம்பள கையால வந்தது."

கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நான் தட்டைப் பார்த்தேன். அது பூரி மாவு. மெல்லாத பூரி, கிழங்கோடு சேர்ந்து உருண்டிருந்தது. பச்சிலைச் சாற்றில் நிறம் மாறியிருந்தது. மயிர்போல் நீட்டிக்கொண்டிருந்தது கறிவேப்பிலைக் காம்பு. ஒரு கடுகு கூட ஒட்டியிருந்தது!

அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? எனக்குத் தெரியாது. அவரைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நான் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

பஸ் ஊருக்குள் வந்து நின்றபோதே கன்னியம்மா ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் வீட்டை அடையும் முன் சேதி அடைந்துவிட்டது. குமார் வாசலில் நின்றான்.

"நைனா, அத்த சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு. எஸ்தரு எதுனா வெச்சாளா? ஒரே வார்த்த சொல்லு. நான் நம்பறேன்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எஸ்தரும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனுக்கு இன்னாடா தெரியும்? வந்தது வந்துச்சி," என்றேன்.

வந்தது வந்துச்சி... பொய் இல்லை, பாருங்கள்! ஒரு சொல்லும் பொய் இல்லை!

எஸ்தர் உள்ளே போனாள். என் குண்டானை எடுத்து வந்தாள். காலையில் எனக்காக ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. எல்லோர் எதிரிலும் உட்கார்ந்து அவ்வளவையும் சாப்பிட்டாள். அழவில்லை.

"பாத்துக்கினீங்களா அத்த?"

"வெச்சவளுக்கு அது ஏறாதுடி," என்றாள் கன்னியம்மா.

அதற்கு மேல் ஒரு பெண் என்ன செய்ய முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் அந்தக் குண்டானைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகனோடு போய்விட்டாள். ஒரகடம் பக்கம் வாடகை வீடு. நான் தடுக்கவில்லை.

சந்தேகம் வீட்டோடு நிற்கவில்லை. எஸ்தருக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பெண் கேட்டு வந்தவர்கள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். அக்காள் கைக்குத் தெரிந்தது தங்கை கைக்கும் தெரிந்திருக்கும் அல்லவா? அப்படித்தான் பேச்சு.

பேத்தி பிறந்தாள். முதல் பிறந்தநாளைச் சாலவாக்கத்தில் சம்பந்தி வீட்டில் வைத்தார்கள். குமார் வந்து கூப்பிட்டான். போனேன். கன்னியம்மாவும் கூட வந்தாள். வேவு பார்க்க வந்தாள் என்பதே சரி.

எஸ்தர் என்னைத் தனியே அழைத்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாமா, தங்கச்சியப் பாக்க வந்தவங்க அதோ குந்திக்கினு கீறாங்க. அவங்க காதுலயும் பேச்சு வுழுந்துக் கீது. உங்க சோறு தனியா ஆக்கி வெச்சிருக்கேன். நான் துன்னா செல்லாது. நீங்க துன்னாதான் செல்லும். ஒரு வாய் போதும். எனுக்காக இல்ல... அவளுக்காக."

தலையாட்டினேன்.

பந்தியில் உட்கார்ந்தேன். எஸ்தரே பரிமாறினாள். அதே குழைந்த சோறு, அதே சுரைக்காய். தங்கையைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் பார்த்தாள். கன்னியம்மா பார்த்தாள்.

சோற்றில் கை வைத்தேன். பிசைந்தேன்.

அந்த ஒரு வாய் உள்ளே போனால், அன்று தட்டில் கிடந்தது என்னவென்று கன்னியம்மா கேட்பாள். நான் பதில் சொல்ல வேண்டும். பூரி தின்ற கதையை ஊர் முன்னால் சொல்ல வேண்டும்... இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. மறைக்கமாட்டேன். பூரி என்று தெரிந்த எனக்கே, கை வாய்க்குப் போகும்போது ஒரு கணம் நின்றது. ஒருவேளை...? எதற்கு அந்த ஒருவேளை? அவள் குடும்பம் எங்கள் ஆட்களின் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம் என்பதாலா? மருந்து என்று சொல்லிக்கொண்டால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அந்தச் சொல் எங்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்ததோ?

"வயிறு செரியில்ல," என்றேன். எழுந்து கை கழுவினேன்.

எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாயும் எழுந்தாள். பிறகு அவளோடு வந்தவர்கள்.

எஸ்தர் என்னைப் பார்க்கவே இல்லை. என் இலையை அவளே மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

என் வயிறு அன்று நன்றாகத்தான் இருந்தது. அவள் போனதிலிருந்து நன்றாகத்தான் இருக்கிறது. அவள் கவிழ்த்து வைத்த குண்டானை நிமிர்த்தி, அவள் ஆக்கியபடியே நான் ஆக்குகிறேன். தனிக் கரண்டி. பால் இல்லை, பருப்பு இல்லை, வெங்காயம் இல்லை. டீக்கடைப் பக்கம் போவதில்லை. பஜ்ஜி வாசம் வந்தால் குமட்டுகிறது.

கன்னியம்மாவிடம் சொல்லப் போனேன். தெருமுனை வரை போய்த் திரும்பினேன். பலமுறை. அதனால்தான் எழுதுகிறேன். இதைச் சாலவாக்கத்துக்கு யாராவது கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவார்கள் என்ற எண்ணமோ என்னவோ... அந்த எண்ணத்தையும் நம்பாதீர்கள். என் பெயரைத்தான் நான் போடவில்லையே!

இன்று காலை மடை திருப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேட்டார்.

"இன்னாப்பா, வயிறு எப்டி கீது?"

"நல்லா கீது."

"பாத்தியா? அவ போனா, வயிறு செரியாப் பூட்ச்சி!"

நான் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசவில்லை.