பயப்படத் தேவையில்லை என்று எழுதிய வாரம்

தாலுகா ஆபீசில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை வேறு, நான் செய்துகொண்டிருக்கும் வேலை வேறு. எனக்குக் கன்னடமும் தமிழும் பிழையில்லாமல் எழுத வரும் என்று யாரோ மேலே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நிருபர்களுக்குத் தருகிற செய்திக் குறிப்பெல்லாம் என் தலையில் வந்து விடிந்தது. நிருபர்களை உட்கார வைப்பது, டீ வாங்கிக் கொடுப்பது, அதிகாரியின் அறைக்குள் எப்போது விடலாம், எப்போது விடக்கூடாது என்று பார்ப்பது எல்லாம் என் பாடுதான். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால்கூட, "இன்னாக்கா, இன்னிக்கும் பரிசீலனைதானா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். மொபைலிலேயே செய்தி சானல் நடத்துகிற நிருபர். காதோரம் நரைத்த பிறகும் கேலிக்குக் குறைச்சலில்லை.

பட்டும் படாமல் எழுதுவது ஒரு வித்தை. பொய்யும் சொல்லக்கூடாது, பிடியும் கொடுக்கக்கூடாது. குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி, கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டால் கோலாரிலிருக்கும் மாவட்ட மேலதிகாரிகள் போனில் பிடித்து உலுக்குவார்கள். ஒன்றுமே சொல்லாவிட்டால் நிருபர்கள் கொல்லைப்பக்கமாகப் போய் எதையாவது படம் பிடித்துப் போடுவார்கள். எனக்கு இது பழகிப்போய்விட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் குறுகுறுப்பு தீரவே இல்லை. மத்தியானம் நான் எழுதும் ஒரு வாக்கியம் சாயங்காலத்துக்குள் ஊரிலிருக்கும் எல்லா போனுக்கும் போய்விடுகிறது. அதற்கப்புறம் அது யார் வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது? அதை யாரும் என்னிடம் திரும்பி வந்து சொன்னதில்லை.

அந்த மழைக்காலத்தில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் ஒன்றில், வீட்டு வரிசைக்குப் பின்னால் தரை உள்வாங்கிவிட்டது. எங்கள் ஊருக்குக் கீழே முழுக்கப் பழைய தங்கச் சுரங்கம் என்பதால் இது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தில் ஒரு ஆட்டோவை அப்படியே இறக்கிவிடலாம். கடைசி வீட்டின் சமையலறைச் சுவர் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. அந்த வீட்டில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர் விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். முன்னறை சின்னது, அவர் எழுந்து கிளம்பும் சத்தத்தில் தூக்கம் கெடும் என்று பிள்ளைகளைச் சமையலறையில்தான் படுக்கவைப்பார்கள்.

எங்கள் ஆட்கள் போய் நைலான் கயிறு கட்டிவிட்டு வந்தார்கள். எங்கள் அதிகாரி வடகர்நாடகத்துக்காரர், நல்ல மனுஷர். தமிழ் புரியும், தட்டுத்தடுமாறிப் பேசவும் செய்வார். அன்று முழுக்க அவர் கோலாருடன் போனிலேயே இருந்தார். நிலம் எங்களுடையது இல்லை, வீடும் எங்களுடையது இல்லை, வல்லுநர்கள் இன்னும் வரவில்லை. 'ஆபத்து' என்று எழுதினால் லைன் முழுவதையும் காலி செய்ய வேண்டும், அத்தனை பேரையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர் என்னிடமே கேட்டார். நான் யோசித்து, "பள்ளத்தைச் சுற்றிப் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. வல்லுநர் ஆய்வு விரைவில் நடைபெறும். பொதுமக்கள் பயப்படத் தேவையில்லை" என்று எழுதினேன். கோலாரில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அந்தக் கடைசி வீட்டுப் பெண் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். தலையை வாரிப் பூ வைத்து, கல்யாணத்துக்கு அழைக்க வந்தவளைப் போல இருந்தாள்.

"மேடம், சாரு எங்க வூட்டுக்கு வருவாரா? ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவட்டும்."

மாற்று வீடு வேண்டுமா, மனு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். நஷ்டஈடு கேட்கிறாளா என்றால் அதுவும் இல்லை. அதிகாரி வந்து சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் மீட்டிங்கில் இருக்கிறார், சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அடுத்த நாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்து, அதே வார்த்தையை அதே பணிவோடு சொன்னாள்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. எதையாவது கேட்டுத் திட்டிவிட்டுப் போனால் புரியும். வீட்டுக்கடியில் மண் சரிந்துகொண்டிருக்கும்போது விருந்துக்கு அழைக்கிறவளை என்னவென்று எடுத்துக்கொள்வது? பக்கத்து மேஜைக்காரர் அவளுக்குப் பயத்தில் புத்தி பிசகிவிட்டது என்றார். இன்னொருவர், அதிகாரியை வீட்டுக்கு வரவழைத்து ஏதோ சாதிக்கப் பார்க்கிறாள் என்றார். நான் அவள் வாயைக் கிளறிப் பார்த்தேன், தேன் ஊற்றுகிற மாதிரி பேசிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "சாரு வரட்டும் மேடம், சொல்றேன்" என்றாள். பிடி கொடுக்காமல் பேசுவதில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். அதிகாரியிடம் சொன்னேன், காப்பிதானே, வெள்ளிக்கிழமை போகலாம் என்றார்.

விஷயம் அந்த நிருபரின் மூக்குக்கும் எட்டிவிட்டது. அதிகாரி எப்போது போகிறாரோ அப்போது நிருபர்களையும் விட வேண்டும் என்று வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொண்டார். அதிகாரி முடியவே முடியாது என்றார். நீங்கள் வேண்டாமென்றால் பின்பக்கச் சுவரேறிப் போய்ப் பள்ளத்துக்குள்ளேயே ஒருத்தர் விழுவார், அப்புறம் அதற்கும் நான்தான் குறிப்பு எழுத வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தேன். நிருபர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்கலாம், படம் எடுக்கலாம், கேள்வி கேட்கக் கூடாது. வீட்டுக்குள் பேசுவதை என் அனுமதியில்லாமல் போடக் கூடாது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனோம். பின்கதவு திறந்திருந்ததால் கயிற்றுக்கு அந்தப்புறம் நின்ற நிருபர்களுக்குச் சமையலறை நன்றாகத் தெரிந்தது. வீடு துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. சமையலறை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். வாசல்படியை ஒட்டிய மூலையில் பிள்ளைகளின் பாய் சுருட்டி வைத்திருந்தது. அடுப்படியிலிருந்து பின்சுவர் வரைக்கும் தரையில் ஒரு விரிசல் ஓடியது, அதன்மேல் மாக்கோலம் போட்டிருந்தாள். கோலம் விரிசலை மறைக்கவில்லை, காட்டிக் கொடுத்தது.

அதிகாரி முன்னறையில் நின்று டம்ளரை வாங்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார்.

"உள்ள வந்து உக்காந்து குடிங்க சார். சேர் போட்டுக்கீறேன்."

அவர் சமையலறை வாசல்படி வரைக்கும் போனார். தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அப்படியே நின்றார். எனக்கு என் தொழில் நாக்கில் வந்து நின்றது. சாருக்கு அடுத்த மீட்டிங் இருக்கிறது, நேரமாகிவிட்டது, ஆய்வு முடிந்ததும் கண்டிப்பாக வருவார் என்று மூன்று விதமாகச் சொல்ல என்னிடம் வார்த்தை தயாராக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"வேணாம்மா," என்றார், தமிழைத் தேடித்தேடி. "அங்கே உக்கார எனக்கு பயம் ஆகுது."

கயிற்றுக்கு அந்தப்புறம் நிருபரின் போன் தூக்கினபடியே இருந்தது. அவர் முகத்தில் கேலியே இல்லை. போடலாமா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார். ஏற்பாட்டுப்படி நான் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு அரசாங்க அதிகாரி பயமாக இருக்கிறது என்று சொன்னது வெளியே போனால் கோலாரில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"இப்ப எடுத்த வீடியோவ முதல்ல எங்க வூட்டுக்காரருக்கு அனுப்பச் சொல்லுங்க சார். பசங்கள கூட்டினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடலாம்னு தெனமும் சொல்றேன். பேப்பரைக் காட்றாரு. ஆபீசுலயே பயப்படத் தேவையில்லன்னு எழுதிக்கீறாங்க, உனக்கு மட்டும் இன்னா பயம்னு கேக்கறாரு. எனக்கே சந்தேகமா போச்சு. நீங்க உள்ள உக்காந்து நிம்மதியா ஒரு காப்பி குடிச்சிருந்தீங்கன்னா, நானும் வாயை மூடிக்கினு இருந்துடலாம்னுதான் கூப்ட்டேன்."

ஒரு வாரமாக நான் தெரிந்துகொள்ளத் துடித்தது இதைத்தான். தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இல்லை, ஆத்திரமாக வந்தது. அவள் புருஷன்மேலா, கோலார்மேலா, என்மேலா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் வாக்கியம் ஒவ்வொரு ராத்திரியும் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அவளிடம் வாதாடியிருக்கிறது. அவளால் அதை எதிர்த்துப் பேச முடியவில்லை.

அதிகாரி டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, "களிசி," என்றார் கன்னடத்தில், நிருபரைப் பார்த்து. அனுப்புங்கள் என்று அர்த்தம். பிறகு என்னிடம், எல்லாருக்கும் போடட்டும், கோலாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவள் புருஷனின் நம்பரைச் சொல்ல, நிருபர் கயிற்றின்மேல் சாய்ந்து நின்றபடி ஒவ்வொன்றாக அழுத்தினார்.

நாங்கள் யாரும் கிளம்பவில்லை. ஏன் நின்றோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதிகாரிகூடத் திண்டாட்டமாகக் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. வாசலில் டம்ளரைக் கழுவிய கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் இரைச்சல், அதற்கு மேல் ஒரு ஆண் குரல்.

"பாத்தேன். பசங்க ஸ்கூலு விட்டதும் வூட்டுக்குக் கூட்டினு வராத, நேரா பேத்தமங்களா உங்கம்மா வூட்டுக்குப் போயிடு. நானும் அங்கயே வந்துடறேன்."

அவள் சரி என்றாள். அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போகத் திரும்பினாள். வாசல்படியில் நின்று ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே காலை வைக்காமல், எட்டிப் பிள்ளைகளின் பாயை மட்டும் இழுத்து எடுத்துக்கொண்டாள்.